தாழ்நிலைப் பண்டத்தை அடையாளம் காண ஒரு கேள்வி

பொருளியல் படிக்கும் நம் பிள்ளைகள் பண்டங்களின் வகைகளை மனப்பாடம் செய்து குழம்புவதைவிட, "வருமானம் கூடினால் இதைக் கூடுதலாக வாங்குவோமா, குறைத்துக்கொள்வோமா?" என்று கேட்டுப் பழகுவது நல்லது. இங்கே மொரீசியசில் அரசு மானியத்தால் மலிவாகக் கிடைக்கும் ரேஷன் அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் உயர்ந்ததும் ஒரு வீட்டில் அதன் அளவு குறைந்து பாஸ்மதி கூடினால், அந்த வீட்டைப் பொறுத்தவரை முன்னது தாழ்நிலைப் பண்டம், பின்னது இயல்புப் பண்டம். தாழ்நிலை என்பது தரத்தைப் பழிக்கும் சொல் அன்று என்பதை அழுத்திச் சொல்லுங்கள். என் அம்மா ரேஷன் அரிசியைக் கல் பொறுக்கி, மூன்று முறை களைந்து வடித்த சோறு எந்த விதத்திலும் தாழ்ந்ததாக இருந்ததில்லை.

இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது விலையை வைத்துக் கேளுங்கள்: ஒன்றின் விலை ஏறியதும் மற்றொன்றின் விற்பனை கூடினால் அவை, வெண்ணெயும் மார்கரினும் போல, பதிலீட்டுப் பண்டங்கள், குறைந்தால், காரும் பெட்ரோலும் போல, நிரப்புப் பண்டங்கள். பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1895-இல் எடுத்துக்காட்டிய கிஃபன் பண்டம், அதாவது விலை ஏறும்போது கூடுதலாக வாங்கப்படும் பண்டம், மிக அரிது. ஏழைக் குடும்பத்தின் செலவில் பெரும்பங்கை விழுங்கும் மலிவு உணவின் விலை ஏறும்போது, இறைச்சி போன்றவற்றைக் கைவிட்டு அந்த உணவையே கூடுதலாக வாங்க நேர்வதுதான் விலை ஏறியும் விற்பனை கூடுவதற்குக் காரணம்.