ஜேசிபி வந்த பிறகு எழுதும் மனு: தெரு வேலைகளில் சென்னைக்காரர்கள் செய்யும் தவறுகள்

ஒரு காலையில் தெருமுனையில் ஜேசிபி வந்து நிற்கும். அப்புறம்தான் தெருவுக்கே வேகம் வரும். மாடியில் இருப்பவர்கள் இறங்கி வருவார்கள், வாட்ஸ்அப் குழுவில் படம் பறக்கும், கவுன்சிலருக்கு போன் போகும், “யாரைக் கேட்டுத் தோண்டுறீங்க?” என்று ஆபரேட்டரைச் சுற்றிக் கூட்டம் சேரும். பாவம், எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. எந்தப் பக்கம் தோண்டுவது, எவ்வளவு ஆழம், தண்ணீர் எந்தத் திசையில் ஓடுவது என்பதெல்லாம் மாதக்கணக்கில் முன்னாலேயே எஸ்டிமேட்டில் ஏறி, டெண்டர் முடிந்து, ஒர்க் ஆர்டரும் ஆகியிருக்கும். அதை மாற்ற அன்று அந்த இடத்தில் யாருக்கும் அதிகாரம் இருக்காது.

தெரு நலச் சங்கத்தில் சில வருடம் ஓடியாடியவன் என்ற முறையில் சொல்கிறேன், கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி நாங்களே செய்தவை.

செப்டம்பரில் விழித்துக்கொள்வது

2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. அதே ஆண்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகளும் வந்தன. சென்னையின் 200 வார்டுகளும் பத்துப் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. ஊரில் கிராம சபை மாதிரி, நகரத்தில் இது. தாளில் பகுதி சபை என்று இருந்தாலும் வாயில் வருவது ‘ஏரியா சபை’தான். ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று ஆண்டுக்கு நான்கு நாள் அதற்குக் குறித்திருக்கிறார்கள்.

இந்த நான்கில் கூட்டம் கூடுவது செப்டம்பரில். மழைப் பயம். போன வருடம் முழங்கால் அளவு தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளியது அப்போதுதான் ஞாபகம் வரும். ஆனால் அந்த நேரத்தில் வடிகால் கேட்டு என்ன பயன்? அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ரோட்டைத் தோண்டவே அனுமதியை நிறுத்திவிடுவார்கள். செப்டம்பரில் கேட்கக்கூடியது தூர்வாரும் வேலை, வடிகாலில் மண் படியும் தொட்டி சுத்தம், உடைந்த மூடி மாற்றுவது, மோட்டார் பம்ப் எங்கே வைப்பார்கள் என்பது. அவ்வளவுதான்.

நான்கில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் ஜனவரி 26-க்குப் போங்கள். ஏப்ரலில் புது நிதியாண்டு. அதற்கு முன்னால் மாநகராட்சி பட்ஜெட் தயாராகும். வெயில் காலம்தான் மண் வேலைக்கு உகந்தது. புது வடிகாலோ, தெரு முழுக்க ரோடோ, ஜனவரியில் தாளில் ஏறினால் அந்தக் கோடைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. கொடியேற்றி மிட்டாய் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறோம், அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

23 குறைகள், ஒரே தாள்

எங்கள் தெருவிலிருந்து முதல் கூட்டத்துக்குப் போனபோது 23 குறைகளை எழுதிக்கொண்டு போனோம். நாய், கொசு, ரேஷன் கடை எடை, குப்பை வண்டி நேரம், வடிகால், தெரு விளக்கு, முனையில் குடித்துவிட்டுக் கலாட்டா, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக. நான்தான் மைக்கில் வாசித்தேன். பன்னிரண்டாவதில் மைக்கை வாங்கிவிட்டார்கள். ஏஈ (மாநகராட்சி உதவிப் பொறியாளர்) குறித்துக்கொண்டது தெரு விளக்கை மட்டும். அது சுலபமான வேலை.

எனக்கு அடுத்துப் பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் எழுந்தார். “கோயில் முனையில மேன்ஹோல் மூடி ரோட்டைவிட நாலு விரல் உசரமா இருக்கு. எங்க மாமியார் தடுக்கி விழுந்து கையை உடைச்சிக்கிட்டாங்க. மூடியை இறக்க ஆள் எந்தக் கிழமை வருவாங்க சார்?” என்று கேட்டுவிட்டு உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார். சம்பந்தப்பட்ட பொறியாளர் டைரியைப் புரட்டி ஒரு தேதி சொல்லும்வரை.

ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயம், அதிகம் போனால் இரண்டு. எந்தத் தெரு, எந்தக் கதவு எண்ணுக்கு எதிரில், என்ன அளவு, எப்போதிருந்து என்று சொல்ல வேண்டும். சொன்னது மினிட்ஸில் ஏறியதா என்று கிளம்புமுன் பார்க்க வேண்டும். வாயால் சொன்ன ‘பண்ணிடலாம்’ அடுத்த கூட்டத்தில் யாருக்கும் நினைவிருக்காது. எழுதிய மனுவாக இருந்தால் ஒரு நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். 1913-க்கு போன் செய்தால் புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். வாட்ஸ்அப்பில் போட்ட படம் புகார் ஆகாது. அதிகாரி அந்தக் குழுவில் இருந்தாலும் ஆகாது.

எல்லாமே சாக்கடை

நம் வாயில் எல்லாமே சாக்கடை. ‘சாக்கடை அடைச்சிக்கிச்சு’ என்று புகார் கொடுத்தால் அது பாதி நேரம் தப்பான இடத்துக்குப் போய்த் திரும்பும். வீட்டுக் கழிவறையும் சமையலறையும் போய்ச் சேரும் பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. தெரு ஓரத்தில் சிலாப் போட்டு ஓடும் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. வட்ட மூடியா, சதுர சிலாப்பா, நாற்றம் அடிக்கிறதா, மழையில் மட்டும் நிரம்புகிறதா என்று இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் புகார் எண்ணை அழுத்தினால் ஒரு வாரம் மிச்சம். (வீட்டுக் கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் செருகியிருப்பது நம்முடைய பக்கத்து வீட்டுக்காரராகவே இருக்கலாம். அந்தப் புகாரை யாரும் கொடுப்பதில்லை.)

ரோட்டுக்கும் இதே கதை. உள்தெருக்கள் மாநகராட்சியுடையவை, அவை மட்டும் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அண்ணா சாலை மாதிரிப் பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்ட மெட்ரோ ஓடும் வழிகளில் தடுப்பு, மாற்றுப்பாதை என்று எதைக் கேட்பதானாலும் மெட்ரோ ரயில் நிறுவனத்தைக் கேட்க வேண்டும். கவுன்சிலரைத் திட்டிக்கொண்டிருப்பதில் மனசு ஆறும், பள்ளம் ஆறாது.

‘முதலில் ரோட்டைப் போடுங்க’

தெருக்காரர்கள் கேட்பதில் எனக்கு மிகவும் பயம் தரும் வாசகம் இது. குடிநீர்க் குழாய் மாற்ற வேண்டியிருக்கும், மின்வாரியம் கேபிள் புதைக்க வேண்டியிருக்கும், வடிகால் பாக்கி இருக்கும். இத்தனைக்கும் நடுவில் தேர்தலோ திருவிழாவோ வருகிறது என்று ரோட்டைப் போடச் சொல்லிவிடுவோம். மூன்றே மாதத்தில் குழாய்க்காரர் நடுவில் கோடு கிழிப்பார். ரோடு கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, ‘இந்தத் தெருவில் வேறு யாருக்காவது தோண்டும் வேலை பாக்கி இருக்கிறதா?’ என்பது. ஏரியா சபையில் எல்லாத் துறை ஆட்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும் அரிய நாளில் அதைக் கேட்பதுதான் சாமர்த்தியம்.

இதைவிடப் பெரிய தவறு உயரத்தைக் கவனிக்காமல் விடுவது. பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு, அதன் மேல் இன்னொன்று என்று ஏற்றி ஏற்றித்தான் சென்னையின் பல வீடுகள் பள்ளத்தில் இறங்கின. படியேறிப் போன வாசலில் இப்போது படியிறங்கிப் போகிறோம். 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று உத்தரவிட்டார். மில்லிங் என்கிறார்கள். ஆனால் மில்லிங் நடந்ததா, போதுமான அளவு நடந்ததா என்று பார்ப்பது தெருவின் வேலை. ராத்திரியில் இயந்திரம் வந்து மேலாகக் கீறிவிட்டுப் போனாலும் காலையில் புதுத் தார் மினுங்கும்போது நமக்குச் சந்தோஷம்தான்.

எங்கள் தெருவில் ஒரு தடவை ஏமாந்தோம். வடிகால் கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, அதன் மேல் சிலாப் எங்கள் பக்கத்து நான்கு வீட்டுக் கேட்டைவிட ஒரு சாண் உயரம். வேலை ஆரம்பிக்கும் முன் லெவல் பார்க்க ஆள் முக்காலியோடு வந்து நின்றார். நாங்கள் அவருக்கு மோர் கொடுத்தோமே தவிர, ‘எங்கள் கேட்டுக்கு எத்தனை அங்குலம் கீழே வரும்?’ என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த முறை ரோடு வேலைக்கு முன் எங்கள் கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவரிடம் ட்யூப் லெவல் இருக்கிறது. கண்ணாடி மாதிரி நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், வேறொன்றுமில்லை. ஒரு முனையைத் தெருக்கோடி வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் அவர் பிடித்தார், மறுமுனையை நான். தண்ணீர் ஆடி அடங்கி நின்ற இடத்தில் பென்சில் கோடு. இப்படியே வீடு வீடாக நகர்ந்து, தெருவின் இரு பக்கச் சுவர்களிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டு, அதன் மேல் நீல பெயின்ட் அடித்தோம். பிறகு ஒவ்வொரு கோட்டிலிருந்தும் ரோடு எத்தனை சென்டிமீட்டர் கீழே, கேட் வாசல் எத்தனை சென்டிமீட்டர் கீழே, மேன்ஹோல் மூடி எத்தனை என்று டேப் வைத்து அளந்து, தேதி போட்டுப் படமெடுத்து, அந்தப் பட்டியலை மனுவோடு இணைத்தோம். செலவு கொத்தனாரின் அரை நாள் கூலி, ஒரு சின்ன டப்பா பெயின்ட். ரோடு போட்ட அன்று சூப்பர்வைசர் அந்த நீலக் கோட்டைப் பார்த்து “இது என்ன சார்?” என்றார். சொன்னோம். அவரும் டேப்பை எடுத்தார்.

இதெல்லாம் நடக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில். அதிலும் ஒரு தவறு செய்கிறோம். ‘ஏன் ரோடு மோசமாக இருக்கிறது?’ என்று எழுதுகிறோம். ‘ஏன்’ கேள்விக்குப் பதில் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை; கையில் இருக்கும் ஆவணத்தைக் கேட்டால் தந்தாக வேண்டும். எஸ்டிமேட் நகல், ஒர்க் ஆர்டர், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்திலேயே உரிமை உண்டு.

மண்டலத்துக்குப் போய் மண்டலத்தைக் கேட்பது

தமிழில் ஒரு சங்கடம். மாநகராட்சியின் வட்டார அலுவலகமும் மண்டலம், குடியிருப்பு, வணிகம் என்று நிலத்தைப் பிரிப்பதும் மண்டலம். ‘எங்கள் தெருவை வணிக மண்டலமாக மாற்றப் போகிறார்களாமே’ என்று மண்டல அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். நில உபயோகம் சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழும விவகாரம். அதற்குப் போக வேண்டியது எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகை.

அடிப்படை, எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளான். 2026-ஐ இலக்காக வைத்த இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-இல் வந்தது; மூன்றாவது அதற்கடுத்த இருபது ஆண்டுகளுக்கானது. உங்கள் தெரு அதில் என்ன உபயோகத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் எதிர்ப்புக் கடிதம் எழுதாதீர்கள். ஏற்கெனவே வணிகம் என்று இருந்தால், அங்கே கடை வருவதற்கு உங்களை யாரும் கேட்க வேண்டியதில்லை. விதிக்குள் கட்டும் கட்டடத்துக்குப் பக்கத்து வீட்டின் சம்மதமும் வேண்டியதில்லை. அங்கே நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது, அனுமதித்த வரைபடத்தை மீறுகிறார்களா, பக்க இடைவெளி விட்டார்களா என்பதை.

உபயோகத்தையே மாற்றக் கேட்டால்தான் ஆட்சேபம் கேட்டு நாளிதழில் அறிவிப்பு வரும். வந்தாலும் நம் கண்ணில் படாது. ஏனென்றால் அதில் தெருப் பெயர் முன்னால் நிற்காது, சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும்தான் நிற்கும். கோடம்பாக்கத்தில் தலைமுறையாக இருப்பவருக்கும் தன் பத்திரத்தில் ‘புலியூர் கிராமம்’ என்று இருப்பது தெரிந்திருக்காது. இன்றைக்கே பத்திரத்தை எடுத்து உங்கள் கிராமம், சர்வே எண், பிளாக் எண் மூன்றையும் சங்க நோட்டில் எழுதுங்கள். டவுன் சர்வேயில் வரும் வார்டு வேறு, கவுன்சிலர் வார்டு வேறு, அதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆட்சேபம் எழுதும்போது ‘அமைதி கெடும், கலாசாரம் கெடும்’ என்று பக்கம் பக்கமாக வேண்டாம். சாலை அகலத்தை வைத்துத்தான் கட்டடத்தின் உயரமும் எஃப்எஸ்ஐயும் (மனைப் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) தீர்மானமாகின்றன. ஆகவே டேப் பிடித்து அளங்கள். பேச்சில் 40 அடி ரோடு, அளந்தால் எந்த இடத்தில் எவ்வளவு குறுகுகிறது? தீயணைப்பு வண்டி திரும்புமா? மழையில் எத்தனை நாள் நீர் நின்றது? ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்து இருநூறு பேர் கையெழுத்துப் போடுவதைவிட, அளவோடும் படத்தோடும் பத்துப் பேர் தனித்தனியாக எழுதுவது மேல் என்பது என் அபிப்பிராயம். அறிவிப்பில் போட்டிருக்கும் கெடு தாண்டினால் எல்லாம் வீண்.

சங்கம்தான் தெரு என்று நினைப்பது

ஏரியா சபையில் பேச அந்தப் பகுதி வாக்காளராக இருந்தால் போதும், வீட்டு ஓனராக இருக்க வேண்டியதில்லை. நம் சங்கங்களில் வாடகைக்கு இருப்பவருக்கு நாற்காலி கிடையாது, பின் சந்தில் இருப்பவர்களுக்குத் தகவலே கிடையாது. நடைபாதையை அகலமாக்கச் சொல்லித் தீர்மானம் போடுவோம்; அதில் வண்டி போட்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டோம். 2014-இன் தெரு வியாபாரிகள் சட்டம் அவர் பக்கம் இருப்பதால், அந்தத் தீர்மானம் பிறகு அப்படியே முடங்கிவிடும்.

எங்கள் வடிகால் ஏன் இன்னும் முனையில் தேங்குகிறது என்று பொறியாளர் ஒருவரும் நாங்களும் ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “தண்ணி இந்தப் பக்கம் வராது சார், டிரான்ஸ்ஃபார்மர் பின்னாடி திரும்பி அங்கதான் நிக்கும், வருஷா வருஷம் பாக்குறேன்” என்று கையை நீட்டினார். சிலாப்பைத் தூக்கிப் பார்த்தால் அங்கே பாதி உயரத்துக்குக் காங்கிரீட் கட்டி. அவர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. ஓட்டு இதே பகுதியில்தான். வருகிற ஜனவரிக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறோம். லீவு நாளில்தான் துணி அதிகம் வரும், வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் வருகிறேன் என்றார்.