சிஓபிடி: மூச்சுத்திணறலை வீட்டில் சமாளிக்கும் முறை

பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு மட்டுமல்ல, பல வருஷம் விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) வருகிறது. காற்றுக்குழாய்கள் சுருங்கிப்போவதால் உள்ளே போன காற்று முழுசாக வெளியேறுவதில்லை. பழைய காற்று தேங்கி நிற்க, புதுக்காற்றுக்கு இடமே இருக்காது. அதனால்தான் அவசர அவசரமாக இழுக்க இழுக்கத் திணறல் கூடுகிறது. எனவே முதலில் பழக வேண்டியது மூச்சை விடுவதைத்தான்.

படி 1: உட்கார்ந்து தோளைத் தளர்த்துங்கள். வாயை மூடி, மனதுக்குள் இரண்டு எண்ணும் வரை மூக்கால் மெதுவாக இழுங்கள். பிறகு சூடான காபியை ஊதுவது போல உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும் வரை விடுங்கள். அழுத்தி ஊத வேண்டாம். குவிந்த உதட்டால் உண்டாகும் எதிரழுத்தம் சிறு குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். திணறல் இல்லாத நேரத்தில் தினமும் செய்துவந்தால்தான் திணறும்போது கைகொடுக்கும். மாடிப்படி ஏறும்போதும் இதே முறைதான்: மூச்சை விட்டபடி காலை எடுத்து வையுங்கள்.

படி 2: இன்ஹேலர். பலருக்கும் மருந்து நுரையீரலுக்குப் போகாமல் தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. ஸ்ப்ரே வகை என்றால் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் குழாய்) கட்டாயம் வாங்குங்கள், செலவு வீண்போகாது. நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்துங்கள். மூச்சை முழுக்க விட்டுவிட்டு, வாயால் கவ்வி, ஒருமுறை மட்டும் அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுங்கள். பத்து எண்ணும் வரை அடக்குங்கள். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது பொறுங்கள். கேப்சூல் போடும் பவுடர் வகைக்கு நேர்மாறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த மருந்தென்றால் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படரும்.

படி 3: கொசுவத்தி, சாம்பிராணி, தாளிப்புப் புகை எதுவும் வேண்டாம். வருஷாவருஷம் ஃப்ளூ தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

படி 4: வீட்டில் ஆக்சிஜன் வைத்திருந்தால், திணறுகிறதே என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். சிஓபிடி உள்ளவர்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு (விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டுவது) பெரும்பாலும் 88 முதல் 92 சதவீதம்தான் இலக்கு. அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து மயக்கம் வரும்.

சளி கூடினாலோ, மஞ்சளாகப் பச்சையாக மாறினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். உதடு நீலமாவது, பேச்சில் குழப்பம், ஒரு வாக்கியத்தை முடிக்கவே மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108.