வக்கீல் ஆபீஸில் டிராஃப்ட் தேடி அலையாமல் இருக்க: முதல் போல்டர் போடுவது எப்படி?

2024 ஜூலை 1-இல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகு எங்கள் ஆபீஸில் நடந்தது இது. ஜூனியர் ஒருவர் பழைய குவாஷ் பெட்டிஷனை (வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு) காப்பி எடுத்து, சட்டத்தின் பெயரை மட்டும் பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) என்று மாற்றிவிட்டு, பிரிவு எண் 482-ஐ அப்படியே விட்டுவிட்டார். பழைய சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கேட்பது, புதியதில் அதே 482 முன்ஜாமீன், ரத்துக்கு 528. சென்னை உயர்நீதிமன்றத்தில் இரண்டு மனுவுமே கிரிமினல் ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன்) என்றுதான் நம்பர் ஆகும் என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது. கண்டுபிடித்தது சீனியர் இல்லை, குமாஸ்தா அண்ணன். அவர் டைரியின் பின் அட்டையில் பழைய எண், புதிய எண் என்று பேனாவில் ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தார்! மூன்று மேசை தள்ளி இருந்த விஷயம் யாருக்கும் தெரியவில்லை.

இப்படி ஆளுக்கு ஒரு பக்கம் கிடப்பதை எல்லோருக்கும் கிடைக்கும்படி ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். சரி, எங்கிருந்து தொடங்குவது? சாஃப்ட்வேர் எதுவும் வாங்காதீர்கள். எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு பொதுவான டிரைவ் போதும்.

படி 1: ஒரே ஒரு வழக்கு வகை

எல்லாக் கட்டுகளையும் ஒரேயடியாக ஒழுங்குபடுத்தப் போனால் இரண்டாவது வாரமே விட்டுவிடுவீர்கள். செக் கேஸை (பணமில்லாமல் செக் திரும்பினால் போடும் வழக்கு, செலாவணி முறிச் சட்டம் பிரிவு 138) எடுங்கள், அடிக்கடி வரும், மாதிரியும் பெரிதாக மாறாது. நல்ல நோட்டீஸ் ஒன்று, புகார் மனு ஒன்று, புரூஃப் அஃபிடவிட் (சாட்சியத்தை எழுத்தில் தரும் பிரமாணப் பத்திரம்) ஒன்று, இடைக்கால இழப்பீட்டுக்கு அதே சட்டத்தின் 143ஏ பிரிவில் போடும் மனு ஒன்று, அவ்வளவுதான். பத்து மாதிரி வைத்தால் எதை எடுப்பது என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

படி 2: பெயர்

"ஃபைனல் புதுசு 2" என்ற ஃபைல் இல்லாத ஆபீஸ் உண்டா? கட்சிக்காரர் பெயரில் சேமித்தால் அந்தக் கேஸை நடத்தியவருக்கு மட்டும்தான் கிடைக்கும். "138 நோட்டீஸ், கம்பெனி செக், 2025 மார்ச்" என்று வையுங்கள்.

படி 3: மேலே ஒரு பக்கக் குறிப்பு

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். டிராஃப்டைப் பார்த்தால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும், ஏன் அப்படி எழுதினோம் என்பது சீனியர் தலைக்குள் இருக்கிறது. எங்கள் குறிப்பில் இருப்பது ஏறக்குறைய இப்படி:

- செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ்.
- நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள்.
- அது முடிந்தபின் புகாருக்கு ஒரு மாதம். இங்கே 30 நாள் அல்ல, மாதம். காலண்டரைப் பார்த்து எண்ணு.
- கம்பெனி செக் என்றால் கம்பெனியையும் எதிரியாகச் சேர். டைரக்டரை மட்டும் சேர்த்தால் நிற்காது.

சீனியரை எழுதச் சொல்லாதீர்கள், எழுதமாட்டார். கோர்ட்டிலிருந்து திரும்பும்போது காரில் பேச விட்டு, போனில் பதிவு செய்து, ஜூனியர் எழுதி, அவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள்.

படி 4: தீர்ப்புக்குப் பக்கத்தில் தேதி

செக் கேஸை எந்த ஊரில் போடுவது என்பதற்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் தசரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில் ஒன்று சொன்னது: செக்கை எழுதியவரின் பேங்க் இருக்கும் ஊர். 2015 திருத்தம் அதை மாற்றி, கணக்கில் போட்ட செக்கிற்குப் பணம் பெற வேண்டியவரின் பேங்க் கிளை என்று ஆக்கிவிட்டது. பழைய ஃபைலில் முதல் தீர்ப்பு மட்டும் இருந்தால் புது ஜூனியர் அதை நம்பித்தான் எழுதுவார். அதனால் ஒவ்வொரு தீர்ப்புக்கும் கீழே "கடைசியாகச் சரிபார்த்தது: இந்தத் தேதி, இன்னார்" என்று ஒரு வரி.

படி 5: கட்சிக்காரர் விவரத்தை நீக்குங்கள்

பெயர், கணக்கு எண், ஆதார், முகவரி எல்லாம் போன பிறகுதான் அது மாதிரி. கட்சிக்காரர் சொன்னதை வெளியில் விடக்கூடாது என்பது சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது (புதிய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 132). வாட்ஸ்அப் குரூப்பில் முழு பெட்டிஷனையும் தட்டிவிடும் பழக்கத்தையும் அப்படியே நிறுத்துங்கள்.

படி 6: சனிக்கிழமை அரை மணி நேரம்

டீயோடு உட்காருங்கள், குமாஸ்தாவும் கட்டாயம். ஒரே கேள்வி: இந்த வாரம் கோர்ட்டில் எந்தப் பேப்பர் ரிட்டர்ன் ஆனது, என்ன குறை போட்டார்கள்? அந்தக் குறையை உரிய குறிப்புப் பக்கத்தில் அன்றே ஏற்றிவிடுங்கள்.

செக் கேஸ் ஓடத் தொடங்கியதும் நாங்கள் ஜாமீன் மனுவுக்குப் போனோம். பழைய சட்டத்தில் 438, 439 இருந்த இடத்தில் இப்போது 482, 483. அந்தப் போல்டரின் முதல் ஃபைல், குமாஸ்தா அண்ணனின் டைரி அட்டையை ஸ்கேன் செய்ததுதான், ஓரத்தில் டீக்கறையோடு.