கத்தரிக்கு முன்னால் தட்டைப்பயறு

காரைக்குடிப் பக்கம் எங்கள் செம்மண்ணில் மழை விட்டதும் மேல்மண் ஓடுபோல இறுகிவிடும். அதில் நேராகக் கத்தரி நட்டு இரண்டு வருடம் நஷ்டப்பட்டேன். இப்போது முதலில் தட்டைப்பயறுதான் விதைக்கிறேன்.

பூவெடுக்கும் சமயம் ஒரு செடியைக் களைக்கொத்தால் நெம்பி, வேர் அறாமல் எடுத்துப் பாருங்கள். கடுகும் மிளகுமாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த முடிச்சில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் (நைட்ரஜன்) பிடித்துத் தருகிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! உடனே செடிகளை அறுத்துப் பாத்தியிலேயே பரப்பிவிடுங்கள், வேர் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும்.

அப்புறம் ஜீவாமிர்தம், அதாவது மண்ணில் நுண்ணுயிரைப் பெருக்கும் சாணக் கரைசல். 20 லிட்டர் தண்ணீருக்குப் பசுஞ்சாணம் 1 கிலோ, கோமியம் 1 லிட்டர், வெல்லம் 200 கிராம், பயறு மாவு 200 கிராம், வரப்பு மண் ஒரு கைப்பிடி. நிழலில் வைத்து 2 நாள் காலையும் மாலையும் கலக்குங்கள். சாயங்காலம், ஈர மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் நுண்ணுயிர் சரியாக வேலை செய்யாது.

நாற்று நட்டதும் வைக்கோல் மூடாக்கு போடுங்கள். சித்திரை வெயிலில் மண்ணை வெறுமனே விடவே கூடாது.