பிக்கப் டிரக்கில் ஹிட்ச் பொருத்தும்போது தொட்டியைக் காப்பது எப்படி?

முதல்முறை ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கருவி) வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் ஹிட்ச்சைப் பற்றியே இருக்கும். எவ்வளவு எடை இழுக்கும், பந்து என்ன அளவு, என் வண்டிக்குப் பொருந்துமா? அது கனத்த இரும்பு, லேசில் எதுவும் ஆகாது. அடி வாங்குவது அதற்குக் கீழே கிடக்கும் மெல்லிய தகடுதான். பிக்கப்பின் பின்தொட்டியை, அதாவது சரக்கு ஏற்றும் திறந்த பகுதியை, ஓட்டை போட்டு, நசுக்கி, கீறி, கடைசியில் துருப்பிடிக்க விட்டவர்களில் நானும் ஒருவன். அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஹிட்ச் எந்த வகை என்று பாருங்கள். பம்பருக்கு அடியில் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) போல்ட் போடும் ரிசீவர் வகை என்றால் தொட்டிக்கு வேலையே இல்லை. இந்தப் பதிவு தொட்டிக்குள் உட்காரும் இரண்டு வகைகளுக்கானது. ஒன்று கூஸ்நெக்: தொட்டியின் நடுவில் ஒரு பந்து, பெரும்பாலும் 2 5/16 அங்குலம். இன்னொன்று ஃபிஃப்த் வீல்: டிரெய்லரிலிருந்து இறங்கும் 2 அங்குல கிங்பின்னைத் தாடை போலக் கவ்விக்கொள்ளும் தட்டு.

இரண்டிலும் ஒரே விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: டிரெய்லரின் எடையைச் சுமப்பது சேஸிஸ். தொட்டித் தகடு நடுவில் மாட்டிக்கொண்ட சாண்ட்விச் மாதிரி. அதன்மேல் பாரம் ஏறக்கூடாது, அதன் வெட்டுவாய் வெறுமனே கிடக்கக்கூடாது, அதில் ஈரம் தங்கக்கூடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த மூன்றுக்காகத்தான்.

படி 1: காலி செய்து, கீழே படுத்துப் பாருங்கள்

தொட்டியைக் கழுவிக் காயவிடுங்கள். ஸ்டெப்னி டயரை இறக்கி வையுங்கள், கை நுழைய இடம் கிடைக்கும். அப்புறம் வண்டிக்கு அடியில் போய், எரிபொருள் டேங்க், பிரேக் பைப், ஒயர்கள், சைலன்சர் குழாய் எல்லாம் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து, தோராயமாக ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். மேலிருந்து டிரில் செய்யும்போது கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, இந்தப் படம்தான் துணை.

சில டிரக்குகளில் தொழிற்சாலையிலேயே ஹிட்ச்சுக்கான துளைகளைப் போட்டு, மூடி வைத்துத் தருவார்கள். உங்களுடையது அப்படி என்றால் அதிர்ஷ்டசாலி. நேராகப் படி 5-க்குப் போய்விடுங்கள், லைனர் (தொட்டியின் உட்புறத்தைக் காக்கும் உறை) மட்டும் இருந்தால் படி 2-ஐப் படித்துவிட்டு.

படி 2: லைனரை என்ன செய்வது?

ஸ்பிரே செய்து ஒட்டிய லைனர் என்றால் பொதுவாக அப்படியே விடலாம். தொட்டிக்குள் இறக்கி வைக்கும் பிளாஸ்டிக் லைனர், ரப்பர் பாய் இரண்டும்தான் பிரச்சினை. இவற்றின் மேல் ஹிட்ச்சை வைத்துப் போல்ட்டை முறுக்கினால் முதல் நாள் இறுக்கமாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் நாள்பட அமுங்கும், அமுங்கிய அளவுக்குப் போல்ட் தளரும். ஹிட்ச் உட்காரும் இடத்தில் லைனரை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

வெட்டும்போது லைனரைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்து வெட்டுங்கள். உள்ளே வைத்தே கத்தியை ஓட்டினால் கீழே இருக்கும் பெயிண்ட்டில் நீளமாக ஒரு கீறல் விழும், அது லைனருக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் துருப்பிடிக்கும். வெளியே எடுத்ததும் இன்னொன்றையும் பார்ப்பீர்கள்: லைனருக்கு அடியில் இத்தனை நாள் சேர்ந்த மண்ணும் ஈரமும். அதையும் சுத்தம் செய்துவிடுங்கள்.

படி 3: குறி வைத்தல்

ஹிட்ச்சின் மையம் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலேயோ, சற்று முன்னாலோ வர வேண்டும். ஆக்ஸிலுக்குப் பின்னால் போகவே கூடாது, போனால் வண்டியின் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் பிடி தளரும். சரியான தூரம் உங்கள் ஹிட்ச்சோடு வந்த தாளில் இருக்கும். அதைத் தொட்டியின் பின் விளிம்பிலிருந்து அளப்பதா, வேறு எங்கிருந்து என்பதையும் அதிலேயே பாருங்கள். இருமுறை அளந்துவிட்டு, வேறொருவரை ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். தப்பான துளையை அழிக்க ரப்பர் கிடையாது.

படி 4: டிரில்லிங்

தொட்டிக்கு நிஜமான ஆபத்து இங்கேதான், அதனால் கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

குறி வைத்த இடத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிட் வழுக்கினாலும் பெயிண்ட் தப்பிக்கும். சென்டர் பஞ்ச்சால் ஒரு தட்டு தட்டிக் குழி போட்டு, 3 மில்லிமீட்டர் அளவில் சிறிய துளை முதலில். உடனே கீழே போய் அது எங்கே வெளிவந்திருக்கிறது என்று பாருங்கள். சரியாக இருந்தால் மட்டுமே பெரிதாக்க வேண்டும். தவறான சிறு துளையை அடைத்துவிடலாம், பெரிய துளையை என்ன செய்வது? பிட் திடீரென்று உள்ளே பாயாமல் இருக்க, அதில் ஒரு மரத்துண்டையோ நிறுத்து வளையத்தையோ மாட்டி ஆழத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

கூஸ்நெக் பந்துக்கு வேண்டிய பெரிய துளையை ஹோல் சாவால் (டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்), குறைந்த வேகத்தில், இடையிடையே எண்ணெய் விட்டு வெட்டுங்கள். கிரைண்டர் சீக்கிரம் முடிக்கும் என்று ஆசை வரும். அதன் தீப்பொறிகள் பெயிண்ட்டில் போய் ஒட்டிக்கொண்டு புள்ளிப் புள்ளியாக எரித்துவிடும், வெட்டுவாயைச் சுற்றி பெயிண்ட்டும் கருகும்.

இனி என் கதை. துளைகளை எல்லாம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, இரும்புச் சுருள்களை நாளை பெருக்கலாம் என்று போய்ப் படுத்துவிட்டேன். இரவில் பனி. இரண்டே நாளில் தொட்டி முழுக்க மிளகாய்த்தூள் தூவியது போல் செம்புள்ளிகள். தொட்டி துருப்பிடிக்கவில்லை, சுருள்கள்தான் துருப்பிடித்துப் பெயிண்ட்டில் கறை ஏற்றியிருந்தன. கறையை எடுக்க அரை நாள் ஆனது. எனவே கையோடு காந்தத்தைத் துணியில் சுற்றி இழுங்கள், வேக்குவம் போடுங்கள், கடைசியில் மடிப்புகளுக்குள் காற்றடியுங்கள். சேஸிஸ் மேல் விழுந்ததையும் மறக்காதீர்கள். துடைப்பதென்றால் இதற்கெல்லாம் பிறகுதான். முதலிலேயே துணியால் துடைத்தால் சுருள்கள் பெயிண்ட்டைக் கீறும்.

அடுத்து வெட்டுவாய். பிசிறை அரத்தால் நீக்கி, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, எஃகுத் தொட்டி என்றால் துத்தநாகம் கலந்த பிரைமர், அது காய்ந்ததும் இரண்டு பூச்சு பெயிண்ட். துளையின் மேல் விளிம்பு மட்டும் போதாது. உள்சுவருக்கும், கீழிருந்து தெரியும் விளிம்புக்கும் பூச வேண்டும். ஈரப் பெயிண்ட்டின் மேல் ஹிட்ச்சை வைக்காதீர்கள், அன்றைக்கு வேலை அதோடு நிற்கட்டும்.

அலுமினியத் தொட்டிக்கு வேறு கணக்கு. ஃபோர்டு எஃப்-150 வண்டிகளின் உடல் 2015 மாடலிலிருந்து அலுமினியம், சூப்பர் டூட்டியில் 2017 மாடலிலிருந்து. அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காதுதான், ஆனால் எஃகு அதைத் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புநீரும் சேர்ந்தால் சிறு பேட்டரி போல ஆகி அலுமினியம் அரிக்கப்படும். இரண்டுக்கும் இடையே பெயிண்ட், நைலான் வாஷர், ஸ்பேசர் என்று ஏதாவது ஒரு தடுப்பு வேண்டும். பலரும் அலுமினியத்துக்கு மட்டும் பெயிண்ட் பூசிவிட்டு எஃகைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். அந்தப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அரிப்பு முழுவதும் அந்தக் கீறலிலேயே குவியும். எஃகுப் பக்கத்தைக் கட்டாயம் பூசுங்கள். அலுமினியத்தைத் தேய்க்க, எஃகில் ஏற்கெனவே உபயோகித்த கம்பிப் பிரஷை எடுக்க வேண்டாம்.

படி 5: ஹிட்ச்சை உள்ளே இறக்குதல்

தொட்டியில் தடித்த போர்வை விரித்துவிட்டு இரண்டு பேராக இறக்குங்கள். தனியாகத் தூக்கி விளிம்பில் சாய்த்து உருட்டும் வித்தையில் விளிம்பும் போகும், முதுகும் போகும்.

தொட்டியின் தரை மேடும் பள்ளமுமாக மடிந்திருக்கும். ஹிட்ச்சைத் தாங்கும் நீள இரும்புச் சட்டம் மேடுகளின் மேல் உட்காரும். போல்ட் பள்ளத்தில் இறங்கினால் அதைச் சுற்றி வெற்றிடம் இருக்கும், முறுக்க முறுக்க மேடுகள் நசுங்கும். இதைத் தடுக்கத்தான் பெட்டியில் ப வடிவத் தகடுகள் சில வந்திருக்கும். உபரிப் பொருள் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போல்ட்டைச் சுற்றிப் பள்ளத்தில் செருக வேண்டிய ஸ்பேசர்கள் அவை.

எல்லாப் போல்ட்டுகளையும் கையால் மாட்டி, இடம் சரிபார்த்து, டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) தாளில் சொன்ன அளவுக்கு மாற்றி மாற்றி இறுக்குங்கள். சேஸிஸில் வெல்டிங் வைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சூடு அந்த இரும்பின் பலத்தைக் கெடுக்கும். பெயிண்ட் தெரியும் இணைப்புகளில் சீலன்ட் ஒரு கோடு இழுக்கலாம். தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள். டிரெய்லரோடு சிறிது தூரம் ஓடிய பிறகு போல்ட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

படி 6: முதல் முறை டிரெய்லர் மாட்டும்போது

தொட்டி நசுங்குவதில் பாதி இங்கே நடக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஃபிஃப்த் வீல் என்றால் பின்கதவைத் திறந்து இறக்கிவிட்டுப் பின்னால் வாருங்கள். மாட்டியதும் டிரெய்லரின் அடிப்பாகத்துக்கும் தொட்டியின் பக்கவிளிம்புக்கும் இடையே சுமார் 6 அங்குலம் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் மேடு பள்ளத்தில் டிரெய்லர் வந்து விளிம்பில் இடிக்கும். குட்டைத் தொட்டி வண்டிகளில் திருப்பத்தின்போது டிரெய்லரின் மூக்கு கேபினில் முட்டக்கூடும். காலியான இடத்தில், பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

கிளம்பும் முன் ஒரு சோதனை. டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, அதன் முன்பக்கத் தாங்கு கால்கள் இன்னும் தரையைத் தொட்டபடி இருக்க, வண்டியை முன்னால் மெல்ல இழுங்கள். பூட்டு சரியாக விழாமல் இருந்தால் கிங்பின் அப்போதே நழுவும், டிரெய்லர் தன் கால்களிலேயே நின்றுகொள்ளும். கால்களை மடக்கிய பிறகு நழுவினால் அது வந்து விழும் இடம் உங்கள் தொட்டியின் இரண்டு விளிம்புகள்.