கார்த்திகைப் பூவைக் கோடையில் தொடாதீர்கள்

நான் முதன்முதல் நட்ட நாலு கார்த்திகைக் கிழங்கும் அழுகிப் போயின. ஆடி மாதம், கச்சான் காற்று வளவு மணலை வாரி முகத்தில் அடிக்கிற நேரம், கொடி காய்ந்து சருகாகிவிட்டதே என்று பயந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வாளியால் தண்ணீர் ஊற்றினேன். ஐப்பசி மழை வந்தது, அக்கம்பக்கத்து வேலியில் எல்லாம் முளை வந்தது, என் வளவில் ஒன்றும் இல்லை. தோண்டிப் பார்த்தால் கிழங்கின் தோல் மட்டும் இருக்கிறது, உள்ளே பழுப்புக் கூழ். தூங்கிக்கொண்டிருந்த செடியைத் தண்ணீர் ஊற்றியே கொன்றிருக்கிறேன்.

அதனால் மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: இந்தச் செடிக்கு மாரியில்தான் வேலை, கோடையில் தூக்கம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து மழைக்கு ஏற்றமாதிரியே அது தன் ஆண்டை வைத்திருக்கிறது. ஐப்பசியில் தொடங்கித் தை வரை நமக்கு மழை, அதற்கும் அப்போதுதான் முளையும் இலையும் பூவும். பங்குனிக்குள் மேலே ஒன்றும் மிஞ்சாது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே கார்த்திகைப் பூ, சிங்களத்தில் நியங்கலா, பழைய பாட்டுகளில் பெண்களின் விரலுக்கு உவமை சொல்லும் காந்தள் இதுதான். தமிழ்நாட்டில் இது மாநில மலர், அங்கே செங்காந்தள் என்பார்கள். கிழங்கைக் கண்வலிக் கிழங்கு என்று விதைக்காக ஏக்கர் கணக்கில் பயிரும் செய்கிறார்கள். கலப்பைக் கிழங்கு என்றும் ஒரு பெயர் உண்டு, கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் தானாக விளங்கும். தாவரப் பெயர் குளோரியோசா சுப்பர்பா. நம் நாட்டில் இந்தப் பூவுக்கு அரசியல் பொருளும் உண்டு, கார்த்திகை வந்தால் இதை வேறு கண்ணோடு பார்ப்பவர்களும் உண்டு, அது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு இங்கே தோட்டம்தான் பேச்சு.

நடுவதற்கு முன்னால் நஞ்சுக் கதையை முடித்துவிடுவோம். இலை, தண்டு, பூ, விதை, கிழங்கு எல்லாமே நஞ்சு, கிழங்கும் விதையும் மிகவும் கொடியவை. உள்ளே இருப்பது கொல்சிசின். கீல்வாதத்துக்கு மருந்தாகக் கொடுக்கும் அதே பொருள்தான், அளவு தப்பினால் ஆளைக் கொல்லும். கிழங்கு பார்வைக்கு வற்றாளங்கிழங்கு மாதிரி இருப்பதால் அவித்துச் சாப்பிட்டு ஆபத்தில் விழுந்தவர்கள் இலங்கையில் உண்டு. சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும், அதற்குள் நஞ்சு உள்ளே வேலை தொடங்கியிருக்கும். யாராவது வாயில் வைத்துவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல், வீட்டு மருந்து தேடாமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு நேரே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். தவழும் பிள்ளை இருக்கிற வீடு, ஆடு அவிழ்ந்து திரிகிற வளவு என்றால் இப்போதைக்கு வேண்டாம். நான் நடும்போது பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன மனே, நஞ்சையா வளவுக்குள்ள வைக்கிறாய்?" என்று கேட்டா. கேட்டது சரிதான். அன்றைக்கே அந்த மூலைக்குக் கம்பி வலை அடித்தேன்.

சரி, இடம். வாகரைப் பக்கம் போகும்போது பாதையோரப் பற்றைகளைப் பாருங்கள். கொடியின் அடி எப்போதும் பற்றைக்குள்ளே, சருகும் நிழலுமாக இருக்கும், நுனி மட்டும் பற்றையின் தலைக்கு மேலே வந்து வெளிச்சத்தில் பூத்திருக்கும். காட்டின் நடு இருட்டில் அதைக் காண முடியாது, வெட்டவெளியிலும் காண்பது அரிது. வளவில் நாம் தேடவேண்டியதும் அந்த மாதிரி இடம்தான், காலுக்கு நிழல், தலைக்கு வெளிச்சம். மாமரத்தடிக்குப் போகாதீர்கள், அங்கே நிழல் கனம், வேரும் கனம். மரத்தின் கொப்பு முடிகிற ஓரம் நல்லது. முருங்கை, வேம்பு, தென்னை இவற்றின் கீழே விழுகிற சல்லடை நிழல் இன்னும் நல்லது. எல்லாவற்றிலும் நல்லது கிளுவைக் கதியால் வேலியின் கிழக்குப் பக்கம், அல்லது வீட்டின் கிழக்குச் சுவரோரம். காலை வெயில் பத்து மணி வரை பட்டால் போதும். மதிய வெயில் மணலில் பட்டுத் தெறிக்கிற இடமாக இருந்தால் இலை நுனி கருகும், அந்த நுனி கருகினால் கொடிக்குப் பிடிமானமே போய்விடும், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மண். வாவிக்குக் கிழக்கே, கடலோர எழுவான்கரையில் இருப்பவர்களுக்கு மணல் போதியளவு இருக்கிறது, அது இந்தக் கிழங்குக்கு வரம், தண்ணீர் நிற்காது. ஆனால் வெறும் மணலில் சத்து இல்லை, ஆகவே ஒரு அடி ஆழம் தோண்டி, எடுத்த மணலோடு மக்கிய சருகும் நன்றாக மக்கிய சாணியும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து திரும்பப் போடுங்கள். பச்சைச் சாணி கூடாது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் களி மண் உள்ளவர்களுக்கு மணல் கலப்பது கட்டாயம். எந்தக் கரையானாலும் மேடு கட்டுங்கள். கார்த்திகை, மார்கழியில் நம் வளவுகள் என்ன பாடு படும் என்று சொல்லத் தேவையில்லை, முற்றத்தில் கணுக்கால் தண்ணீர் மூன்று நாள் நின்றால் கிழங்கு போச்சு. நான் ஒரு அடி உயரத்துக்கு மேடு போட்டு, மண் கரையாமல் சுற்றிவரத் தென்னை மட்டை அடுக்கியிருக்கிறேன்.

கிழங்கை எங்கே எடுப்பது? காட்டில் போய்த் தோண்டாதீர்கள். ஒதுக்குக் காட்டில் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம், வன இலாகா பிடித்தால் பேச்சுக்கு இடமில்லை. அது கிடக்க, பூத்திருக்கும் நேரத்தில் தோண்டியது பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. வேலியில் வைத்திருக்கிற யாரிடமாவது சொல்லிவைத்து, கொடி காய்ந்த பிறகு பங்குனி சித்திரையில் வாங்குங்கள்.

கிழங்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், இதில்தான் பலபேர் பிழை விடுகிறார்கள். விரல் மொத்தத்தில், வழவழப்பாக, மூலை மட்டம் மாதிரி அல்லது கலப்பை மாதிரி வளைந்த இரண்டு கை இருக்கும். முளைக் கண் கையின் நுனியில் மட்டும்தான், ஒரு கைக்கு ஒன்றே ஒன்று, வெளிர் நிறத்தில் சின்ன மூக்கு மாதிரி. உருளைக்கிழங்கைப் போல் உடம்பெல்லாம் கண் இல்லை. அந்த மூக்கு ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது, அவ்வளவுதான். இரண்டு கையையும் வளைவில் வெட்டிப் பிரித்தால் இரண்டு செடி. வெட்டு வாயில் அடுப்புச் சாம்பல் தடவி இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு நடுங்கள்.

புரட்டாதிக் கடைசியில் நடுவது சரியான காலம். கிழங்கைப் படுக்க வைத்து, மேலே இரண்டு மூன்று அங்குலம் மண் மூடி, அதற்கும் மேலே ஒரு பிடி சருகு. ஒன்றுக்கொன்று ஒரு அடி இடைவெளி. பக்கத்திலேயே ஐந்தாறு அடி உயரத்தில் கொப்பும் கிளையுமாகக் காய்ந்த மிலாறு ஒன்றை இப்போதே ஊன்றிவிடுங்கள், முளை வந்த பிறகு ஊன்றப் போனால் கிழங்கைக் குத்துவீர்கள். மழை தொடங்கும் வரை மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும்.

இரண்டு மூன்று வாரத்தில், சிலசமயம் அதற்கும் மேலே, ஒரு பச்சை ஊசி சருகைக் குத்திக்கொண்டு வரும். அதுதான் ஆண்டிலேயே ஆபத்தான வாரம். தண்டு கண்ணாடி மாதிரி, தட்டினால் ஒடியும், ஒடிந்தால் அந்தக் கண்ணிலிருந்து அந்த ஆண்டு இன்னொன்றை எதிர்பார்க்காதீர்கள். என் இரண்டாவது முயற்சி அப்படித்தான் போனது, விடியற்காலையில் அம்மா முற்றம் கூட்டினா, ஈர்க்கு விளக்குமாற்றின் ஒரு வீச்சில் மூன்று முளை. அவவைக் குறை சொல்ல முடியாது, வளவு என்றால் கூட்டத்தான் வேண்டும்.

முழ உயரம் வந்ததும் கொடி ஆதாரம் தேடும். இந்தச் செடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது, இலையின் நுனியே நூல்போல் நீண்டு சுருளும். காலையில் காற்றில் தடவிக்கொண்டு நின்ற நுனி, ஒரு குச்சியில் பட்டால் அடுத்த நாள் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும். இதனால்தான் வழுவழுப்பான பிவிசி குழாய், மொத்தத் தடி எதுவும் உதவாது, பென்சில் மொத்தத்துக்கும் குறைந்த மிலாறுதான் வேண்டும். நீங்கள் கட்டிவிட வேண்டிய தேவை இல்லை, கட்டப் போனால் ஒடிப்பீர்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரு எதிரி வருவான். கறுப்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளி போட்ட மயிர்க்கொட்டி மாதிரி, ஆனால் மயிர் அவ்வளவாக இல்லாத ஒரு புழு. நஞ்சு இலையைத் தின்று வளர்கிற சாதி. கூட்டமாக வந்தால் இரண்டு நாளில் கொடி ஈர்க்காகிவிடும். மருந்து அடிக்காதீர்கள், பூவுக்கு வருகிற பூச்சியும் தேன்சிட்டும் வராமல் போகும். விடிய எழும்பிப் போய் இலையின் கீழ்ப்பக்கம் பார்த்துப் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். யூரியாவும் வேண்டாம், இலை கொழுக்கும், தண்டு இன்னும் இளகும். அரும்பு தெரியும்போது ஒரு பிடி அடுப்புச் சாம்பலைச் சுற்றித் தூவினால் போதும்.

பூ. கார்த்திகைக் கடைசியில், மார்கழியில், மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலை. அரும்பு பச்சையாகத் தலைகீழாகத் தொங்கும். திறந்ததும் ஆறு இதழும் பின்பக்கமாக மேல்நோக்கி மடங்கி, ஓரமெல்லாம் நெளிநெளியாக, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக நிற்கும். நாளுக்கு நாள் சிவப்பு கீழே இறங்கி மஞ்சளைத் தின்னும், ஒரு வாரத்தில் பூ முழுக்கச் சிவப்பு. ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் ஒன்றாகத் தெரியும் நாலைந்து நாள்தான் எனக்குப் பிடித்தது. கவனித்தீர்களா, சூல்தண்டு நேரே கீழே போகாமல் செங்கோணத்தில் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், தன் மகரந்தம் தன்மேல் விழாமல் இருக்கத்தான். உங்களுக்குக் காய் வேண்டுமென்றால் காலையில் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு கொடியின் சூல்முடியில் தடவிவிடலாம், தமிழ்நாட்டு விவசாயிகள் வயல் முழுக்க அப்படித்தான் கையால் செய்கிறார்கள். காய் வெடித்தால் உள்ளே குங்குமச் சிவப்பு விதை. அழகுதான், ஆனால் விதையிலிருந்து பூப் பார்க்க மூன்று நாலு ஆண்டு ஆகும், பொறுமை உள்ளவர்களுக்கு.

பூ முடிந்ததும் கொடியை வெட்டிச் சுத்தம் செய்ய ஒரு ஆசை வரும். வெட்டாதீர்கள். நட்ட கிழங்கு இந்நேரம் சுருங்கி முடிந்திருக்கும், பக்கத்தில் புதுக் கிழங்கு பருத்துக்கொண்டிருக்கும், அதற்குச் சாப்பாடு இந்தப் பச்சை இலையிலிருந்துதான் போகிறது. மாசி, பங்குனியில் தானாக மஞ்சளாகிச் சாய்ந்த பிறகு எடுங்கள்.

அதோடு தண்ணீரை நிறுத்துங்கள். மேடு உயரமாக, மணலாக இருந்தால் கிழங்கு அங்கேயே தூங்கட்டும். பக்கத்தில் மரக்கறிப் பாத்தி இருந்து தினமும் தண்ணீர் பாய்கிற இடம் என்றால் மட்டும் தோண்டி எடுத்து, காய்ந்த மணல் போட்ட பெட்டியில் வைத்து, மேலே பெரிதாக நஞ்சு என்று எழுதிக் கொட்டிலில் உயரத்தில் வையுங்கள், குசினிப் பக்கம் வேண்டவே வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரப்பையிலோ ஒரு அடி அகலப் பூச்சாடியிலோ வளர்க்கலாம், கொடி காய்ந்ததும் சாடியைத் தாழ்வாரத்துக்குள் சரித்துப் படுக்க வைத்தால் சித்திரை மழையும் உள்ளே போகாது.

தரையில் விட்டவர்களுக்குத் தொல்லை என்னவென்றால், ஆறு மாதம் அங்கே ஒன்றுமே இருக்காது, எந்த இடம் என்று உங்களுக்கே மறந்துபோகும், யாராவது மண்வெட்டியோடு வந்து மரவள்ளி நடுவார்கள். நான் மேட்டைச் சுற்றி நாலு செங்கல் வைத்திருக்கிறேன். அம்மா இப்போது அந்தச் செங்கலைச் சுற்றித்தான் கூட்டுகிறா, கூட்டிய சருகில் ஒரு கடகத்தை உள்ளேயும் கொட்டிவிட்டுப் போகிறா.