தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல்

வீட்டில் குஞ்சு பொரித்ததும் முதல் கேள்வி, இதில் எத்தனை பெட்டை என்பதுதான். ரோட் ஐலண்ட் ரெட் என்ற சிவப்பு இனச் சேவலையும் பிளைமவுத் ராக் என்ற இனத்தில் வரி போட்ட பெட்டையையும் இணை சேர்த்தால் முதல் நாளே பதில் கிடைத்துவிடும். குஞ்சுகள் எல்லாமே கறுப்பாகத்தான் பொரியும். உச்சந்தலையில் மங்கலான வெள்ளைப் பொட்டு இருப்பது சேவல், பொட்டே இல்லாமல் தலை முழுக்கக் கறுப்பாக இருப்பது பெட்டை. ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு பாருங்கள். நனைந்த தலையில் பொட்டு சரியாகத் தெரியாது. வளர்ந்ததும் சேவலுக்கு உடம்பெல்லாம் வரி வரும். பெட்டை கறுப்பாகவே இருக்கும், கழுத்தில் மட்டும் கொஞ்சம் செம்மை படரும்.

காரணம் எளிது. வரி போடும் மரபணுதான் குஞ்சின் தலையில் பொட்டும் வைக்கிறது. அது ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் இசட் குரோமோசோமில் இருக்கிறது. தாய்க்கோழியிடம் ஒரே ஒரு இசட்தான் உண்டு, அதை ஆண் குஞ்சுக்கு மட்டுமே கொடுக்கிறது.

ஜோடியை மாற்றிவிடாதீர்கள். வரிச் சேவலுக்குச் சிவப்புப் பெட்டையைச் சேர்த்தால் இருபால் குஞ்சுக்கும் வரி வந்துவிடும். இந்தக் கலப்புக் குஞ்சுகளையே வளர்த்து மறுபடி இணை சேர்த்தாலும் இந்த அடையாளம் செல்லாது.

நிறம் கலந்த நாட்டுக்கோழியா? அப்படியானால் நிறத்தை நம்பவே வேண்டாம். மூன்று மாதம் நெருங்கும்போது வாலுக்கு முன்னால் முதுகு இறகைப் பிரித்துப் பாருங்கள்: நீண்டு, கூராக, பளபளப்பாக இருந்தால் சேவல்; நுனி உருண்டிருந்தால் பெட்டை. கொண்டையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் சில பெட்டைகள் ஏமாற்றிவிடும்.